பொய்க் குளிர்: மகிழுந்துக் குளிரூட்டியில் வெப்ப உணரிச் சுற்றின் பழுதறியும் நெறி

முன்னுரை

கோடையில் மகிழுந்தின் குளிரூட்டி தன் கடமையில் தவறுமாயின் உடையவரும் ஓட்டுநரும் பணிமனையாரும் ஒருங்கே மொழியும் சொல் ஒன்று உண்டு. 'கேஸ் குறைந்துவிட்டது' என்பதே அச்சொல். சில நேரங்களில் அது மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும் கேஸ் குறையாமலும், கம்ப்ரசர் பழுதுறாமலும், ஒரு சிறு வெப்ப உணரியிலோ அதனை இணைக்கும் ஒயரிலோ நேர்ந்த குறையால் குளிர்ச்சி கெடுவதும் உண்டு. இவ்வுண்மையை நாம் பட்டறிவால் உணர்ந்தோம்.

2023 ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் தாயாரை வாரந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டிய நிலை இருந்தது. பயணம் ஒன்றரை மணி நேரம். வண்டியின் குளிரூட்டியோ புறப்பட்ட சில நிமிடங்கள் நன்கு குளிர்வித்துப் பின்னர் தளர்ந்துவிடும். ஒரு பணிமனையில் இருமுறை கேஸ் நிரப்பினர், பயனில்லை. மற்றொரு பணிமனையில் டேஷ்போர்டு முழுவதையும் கழற்றிக் கூலிங் காயிலை மாற்றவேண்டும் என்றனர். அதற்கு அவர்கள் கூறிய தொகை நம் ஒரு மாத ஊதியத்தில் பெரும்பகுதியை விழுங்கத் தக்கதாயிருந்தது. இறுதியில், மகிழுந்து மின்வேலையில் முதிர்ந்த ஒருவர், ஒரு மல்டிமீட்டரும் ஒரு துண்டு ஒயரும் கொண்டு அரைமணி நேரத்தில் நோயின் வேரைக் கண்டறிந்தார். அவர் மேற்கொண்ட முறையினை, அதன் அடிப்படையோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பணிமனையார் நாவில் வழங்கும் கருவிப் பெயர்களை அவ்வாறே கையாண்டுள்ளோம். படிப்பவர் நாளை பணிமனைக்குச் சென்று பேசவேண்டியது அச்சொற்களால்தான் அன்றோ?

குளிரூட்டியின் இயக்கம்

கம்ப்ரசர், கண்டென்சர், விரிவு வால்வு, கூலிங் காயில் ஆகிய நான்கும் குளிரூட்டியின் முதன்மை உறுப்புகளாகும். கம்ப்ரசர் கேஸை அழுத்தி வெப்பமுறச் செய்கிறது. வண்டியின் முகப்பில் உள்ள கண்டென்சரில் அது வெப்பத்தை வெளிக்காற்றுக்கு ஈந்து நீர்மமாகிறது. விரிவு வால்வின் நுண்துளை வழியே பாயும்போது அழுத்தம் குறைகிறது. பின்னர்க் கூலிங் காயிலினுள் ஆவியாகி, அதன்மேல் வீசும் காற்றின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. குளிர்ந்த அக்காற்றே பயணியரை வந்தடைகிறது.

ஈண்டு ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். இந்த அமைப்பு மூடப்பட்ட ஒன்று. பெட்ரோலைப் போலக் கேஸ் எரிந்து தீர்வதில்லை. அது பெருமளவு குறைந்திருப்பின் எங்கோ கசிவு உள்ளது என்பதே பொருள். கசிவைக் காணாமல் கேஸை மட்டும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதனோடு ஒக்கும். மேலும் 1987 ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின்னர், ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஆர்-12 என்னும் கேஸ் படிப்படியாக விலக்கப்பட்டு, ஆர்-134ஏ வழக்கிற்கு வந்தது. இது ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆயினும் புவியை வெப்பமுறச் செய்வதில், நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்கிற்கும் மேற்பட்ட ஆற்றல் உடையது. எனவே தேவையின்றிக் கேஸை வெளியேற்றி நிரப்புதல் பொருளிழப்பு மட்டுமன்று, பொதுக்கேடும் ஆகும்.

உணரியின் பணி

கூலிங் காயில் அளவிறந்து குளிர்ந்தால் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனிக்கட்டியாக உறையும். உறைந்தால் காற்றுப்போக்கு அடைபடும். இதனைத் தடுக்கவே காயிலின் தகடுகளிடையே, அல்லது அதனை ஒட்டி, ஒரு வெப்ப உணரி பொருத்தப்படுகிறது. மின்காந்தக் கிளட்சு கொண்ட வண்டிகளில், காயிலின் வெப்பநிலை உறைநிலையை நெருங்கும்போது கட்டுப்பாட்டுக் கருவி கம்ப்ரசரை நிறுத்துகிறது. சில பாகை உயர்ந்ததும் மீண்டும் இயக்குகிறது. தானியங்கிக் குளிரூட்டி உள்ள வண்டிகளில் வெளிக்காற்றை அறிய முகப்பில் ஓர் உணரியும், உட்காற்றை அறிய டேஷ்போர்டின் சிறு துளைத்தட்டின் பின்னே மற்றோர் உணரியும் அமைந்திருக்கும்.

இவ்வுணரிகள் பெரும்பாலும் தெர்மிஸ்டர் வகையைச் சார்ந்தவை. வெப்பம் ஏறும்போது மின்தடை குறைவதும், வெப்பம் இறங்கும்போது மின்தடை கூடுவதும் இவற்றின் இயல்பாகும். செம்பு போன்ற உலோகங்களின் இயல்புக்கு இது நேர்மாறானது. வெள்ளி சல்பைடு என்னும் சேர்மத்தில் இவ்வியல்பை 1833 ஆம் ஆண்டிலேயே மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். ஒரு நூற்றாண்டு கழித்தே, 1930 களில், அது வணிகக் கருவியாக உருப்பெற்றது. இன்று மாங்கனீசு, நிக்கல், கோபால்ட்டு முதலிய உலோகங்களின் ஆக்சைடுகளைச் சுட்டு இறுக்கி இதனைச் செய்கின்றனர்.

நம் வண்டியின் உணரிக்குரிய எண்கள், எளிமைக்காகச் சற்றே முழுமையாக்கப்பட்டு, பின்வருமாறு அமையும். 30 பாகை செல்சியசில் 8,000 ஓம். 25 பாகையில் 10,000 ஓம். 20 பாகையில் 12,500 ஓம். 13 பாகையில் 17,000 ஓம். 2 பாகையில் 29,500 ஓம். வண்டிக்கு வண்டி இவ்வெண்கள் வேறுபடும். ஆதலின் அவ்வவ் வண்டிக்குரிய கையேட்டின் அட்டவணையே அளவுகோலாதல் வேண்டும்.

சுற்று பேசும் மொழி

கட்டுப்பாட்டுக் கருவி வெப்பத்தை நேரே அறிவதில்லை, மின்னழுத்தத்தையே அறிகிறது. கருவியினுள்ளிருந்து 5 வோல்ட்டு மின்னழுத்தம் ஒரு நிலையான மின்தடையின் வழியே உணரிக்குச் செல்கிறது. உணரியின் மறுமுனை எர்த்துடன் இணைகிறது. உணரியின் மின்தடை மிகுந்தால் அதன் முனையில் மின்னழுத்தம் உயரும், குறைந்தால் தாழும். உள்ளிருக்கும் நிலைத்த மின்தடை 10,000 ஓம் எனக் கொள்வோமாயின், 25 பாகையில் இரண்டும் சமமாகி 2.5 வோல்ட்டு தோன்றும். 2 பாகையில் ஏறத்தாழ 3.7 வோல்ட்டு தோன்றும். உயர்ந்த மின்னழுத்தம் 'குளிர்' என்றும், தாழ்ந்த மின்னழுத்தம் 'வெப்பம்' என்றும் கருவி பொருள் கொள்கிறது. இச்சிறு இலக்கணத்தை உணர்ந்தார்க்கு எஞ்சியன எல்லாம் எளிதில் விளங்கும்.

இச்சுற்று மூவகையில் பிழைபடலாம்.

முதலாவது, அறுபடுதல். ஒயர் அறுந்தாலோ கனெக்டர் கழன்றாலோ மின்தடை எல்லையற்றதாகும். மின்னழுத்தம் 5 வோல்ட்டைத் தொடும். கருவி இதனைக் கடுங்குளிர் எனக் கொள்ளும்; கம்ப்ரசர் இயங்காது.

இரண்டாவது, குறுக்கிணைதல். இரு ஒயர்களும் ஒன்றோடொன்று உரசித் தொட்டால் மின்தடை சுழியாகும். மின்னழுத்தம் வீழும். கருவி இதனைக் கடுவெப்பம் எனக் கொள்ளும். கம்ப்ரசர் ஓயாது இயங்கிக் காயில் பனியால் உறையக்கூடும். இவ்விரு நிலைகளும் இயல்புக்கு மாறானவை என அறிந்து பிழைக் குறியீட்டைப் பதிவு செய்யும் கருவிகளும் உள்ளன. ஆதலின் இவ்விரண்டையும் கண்டறிவது அத்துணை அரிதன்று.

மூன்றாவதே வஞ்சகமானது. ஒயரோ கனெக்டரோ அறுபடாமல், களிம்பேறிக் கூடுதலான மின்தடையைப் பெற்றுவிடும். அது உணரியின் மின்தடையோடு சேர்ந்துகொள்ளும். கூட்டுத்தொகை இயல்பான எல்லைக்குள்ளேயே இருத்தலின் பிழைக் குறியீடு தோன்றாது. மின்தடை கூடினால் 'குளிர்' என்பதே சுற்றின் மொழி ஆகையால், களிம்பு எப்போதும் குளிரென்றே பொய்யுரைக்கும். காயில் உண்மையில் 13 பாகையில் இருக்கும்போது உணரியின் மின்தடை 17,000 ஓம். களிம்பின் 12,500 ஓம் அதனோடு சேர, கருவி காண்பது 29,500 ஓம். அதுவோ 2 பாகைக்குரிய எண். 'போதிய அளவு குளிர்ந்தாயிற்று' எனக் கருவி கம்ப்ரசரை நிறுத்திவிடுகிறது. உள்ளே அமர்ந்திருப்பவர் வியர்க்கின்றார். வண்டியோ தான் உறையும் நிலையில் இருப்பதாக நம்புகிறது. இதனையே நாம் பொய்க் குளிர் என்கிறோம். நம் வண்டியை வாட்டிய நோயும் இதுவே. கேஸை எத்துணை முறை நிரப்பினும் இந்நோய் தீராது என்பது சொல்லாமலே விளங்கும்.

பழுது காணும் படிகள்

1. அறிகுறியை உறுதி செய்தல். குளிர்ச்சி குறையும் வேளையில் கம்ப்ரசரின் கிளட்சு இயங்குகிறதா, நிற்கிறதா என்பதை முதற்கண் காணவேண்டும். அது இயங்கிக்கொண்டே இருந்தும் குளிர்ச்சி இல்லையெனில், கேஸின் அழுத்தம், கண்டென்சர் விசிறி முதலியவற்றை நோக்கவேண்டும். கிளட்சு இடையிடையே உரிய காலத்திற்கு முன்னரே நின்றுவிடுமாயின் மின்சுற்றின்மேல் ஐயம் கொள்ளலாம். ஃபியூஸ், ரிலே, அழுத்த சுவிட்ச் ஆகியனவும் கம்ப்ரசரை நிறுத்த வல்லவை ஆதலின் அவற்றையும் சோதித்தல் முறை. கேஸின் அழுத்தத்தைக் கேஜ் கொண்டு அளந்தறிய வேண்டுமேயன்றி ஊகத்தால் நிரப்புதல் கூடாது.

2. காலையில் ஒப்புநோக்கல். இரவு முழுதும் நிழலில் நின்ற வண்டியின் எல்லா உறுப்புகளும் விடியலில் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கும். எஞ்சினை இயக்காமல், சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனர் கருவியில் எல்லா வெப்ப உணரிகளின் அளவையும் படிக்கவேண்டும். அவை தம்முள் இரண்டு மூன்று பாகைக்கு மேல் வேறுபடுதல் ஆகாது. நம் வண்டியில் பிறவெல்லாம் 30 பாகையை ஒட்டி நிற்க, கூலிங் காயில் உணரி மட்டும் 9 பாகை காட்டியது. இயங்காத வண்டியில் இக்குளிர் எங்ஙனம் வந்தது? 8,000 ஓமுடன் 12,500 ஓம் சேர்ந்து 20,500 ஓம் ஆனதே இதன் காரணம். ஒரு பைசா செலவின்றி நோய் உள்ள பக்கத்தைக் காட்டும் சோதனை இது.

3. கழற்றியும் இணைத்தும் பார்த்தல். இதுவே சோதனைகளுள் தலையாயது. உணரியின் கனெக்டரைக் கழற்றினால் ஸ்கேனரில் கடுங்குளிர் தோன்றவேண்டும். பல கருவிகளில் அது சுழிக்குக் கீழ் 40 பாகை அளவில் இருக்கும். பின்னர், கருவியின் பக்கமிருந்து வரும் கனெக்டரின் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் கடுவெப்பம் தோன்றவேண்டும். இவ்விரண்டும் ஒழுங்காக நிகழ்ந்தால் ஒயரும் கருவியும் செம்மையானவை. குற்றம் உணரியிலோ அதன் கனெக்டர் பொருந்துமிடத்திலோதான். நிகழாவிடின் குற்றம் ஒயரிலோ கருவியிலோ உள்ளது. நம் வண்டியில் கழற்றியபோது சுழிக்குக் கீழ் 40 தோன்றியது. இணைத்தபோதோ கடுவெப்பத்திற்கு மாறாக 20 பாகையே தோன்றியது. உணரியே இல்லாத சுற்றில் 20 பாகை காட்டுவது எது? 12,500 ஓம் எங்கோ வழியில் ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. அப்பெரியவர் அப்போது நம்மை நோக்கி, "சென்சார் நல்லாத்தான் இருக்கு சார், அது சொல்றதுதான் போய்ச் சேரலை" என்றார். இக்கட்டுரையின் சாரம் முழுவதும் அவ்வொரு தொடரில் அடங்கும்.

4. உணரியைத் தனியே அளத்தல். கனெக்டரைக் கழற்றிய நிலையில், உணரியின் இரு முனைகளிடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளந்து அட்டவணையோடு ஒப்பிடவேண்டும். உணரியை வெளியே எடுக்க முடியுமாயின், பொடித்த பனிக்கட்டி மிதக்கும் நீரில் அமிழ்த்திச் சுழிப் பாகைக்குரிய எண் வருகிறதா எனவும், வெதுவெதுப்பான நீரில் இட்டால் அது படிப்படியாகக் குறைகிறதா எனவும் காணலாம். எண் திடீரெனத் தாவினாலும் அசையாது நின்றாலும் உணரியை மாற்றவேண்டியதே.

5. ஒயரை அளத்தல். சாவியை அணைத்து, உணரியைத் திரும்பப் பொருத்தி, கட்டுப்பாட்டுக் கருவியின் கனெக்டரைக் கழற்றி, அம்முனையிலிருந்து மின்தடையை அளக்கவேண்டும். உணரியின் முனையில் கண்ட எண்ணும் இவ்வெண்ணும் ஒத்திருத்தல் வேண்டும். மிகுதி எவ்வளவோ அவ்வளவும் வழியில் உள்ள குற்றம். இடைப்பட்ட கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்துகொண்டே வந்தால் குற்றத்தின் இருப்பிடம் தானே வெளிப்படும்.

6. அசைத்துப் பார்த்தல். மேடுபள்ளத்தில் மட்டும் தோன்றி மறையும் பழுதுகளும் உண்டு. ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே ஒயர்க்கட்டை மெல்ல அசைத்தால், எண் தாவும் இடத்தில் குற்றம் உள்ளது என அறியலாம்.

எச்சரிக்கைகள்

துண்டு ஒயரால் இணைக்கும் சோதனை இரு ஒயர் உடைய தெர்மிஸ்டருக்கு மட்டுமே உரியது. மின்சுற்று வரைபடத்தைப் பாராமல் வேறெந்தக் கனெக்டரிலும் அதனைச் செய்தல் தகாது. சிறப்பாக, டேஷ்போர்டின் அடியில் மஞ்சள் நிறத்தில் காணப்படும் ஏர்பேக் கனெக்டர்களைத் தொடுதல் உயிர்க்கு இடர் பயக்கும். மின்னழுத்தம் உள்ள சுற்றில் மின்தடையை அளக்கலாகாது. பழைய பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பை இச்சுற்றில் பயன்படுத்தலாகாது. அது இழுக்கும் மின்னோட்டத்தை நுண்கருவி தாங்காது. காயிலின் தகடுகளிடையே உணரியைத் திரும்பச் செருகும்போது வலிந்து குத்தினால் குழாய் துளைபட்டுக் கேஸ் முழுவதும் வெளியேறும். உட்காற்று உணரி மிகை வெப்பம் காட்டினால், அதனை மாற்றுமுன் துளைத்தட்டில் தூசி அடைத்துள்ளதா என நோக்குதல் நன்று. காற்று வந்து சேராத இடத்தில் உணரி எதனைக் கூறும்?

நோயும் நோயின் வேரும்

நம் வண்டியில் குற்றம் முன்னிருக்கையின் கால்வைக்கும் இடத்தருகே இருந்த ஓர் இடைக் கனெக்டரில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பித்தளை முனைகள் பசுங்களிம்பேறிக் கிடந்தன. களிம்பைத் துடைத்து, முனைகளை மாற்றியதும் காலையளவு 30 பாகையாயிற்று, குளிர்ச்சியும் மீண்டது. பெரியவர் அத்துடன் நில்லாமல், அங்கே நீர் வந்தது எவ்வாறு எனவும் ஆராய்ந்தார். கூலிங் காயிலில் வழியும் நீரை வெளியேற்றும் குழாய் மண்ணாலும் சருகாலும் அடைபட்டிருந்தது. நீர் உட்புறம் கசிந்து, தரைவிரிப்பை நனைத்து, கனெக்டரில் ஊறியிருந்தது. அவ்வடைப்பை நீக்காமல் விட்டிருப்பின் அடுத்த கோடையில் அதே களிம்பு மீண்டும் ஏறியிருக்கும். வண்டியின் அடியில் குளிரூட்டி நீர் சொட்டவில்லையெனில், ஈரமான நாளில் அது ஐயத்திற்கு உரியது என்பதை அன்று கற்றோம்.

முடிவுரை

நாம் தமிழ் பயிற்றுவோர். எந்திரம் நம் துறையன்று. ஆயினும் அப்பெரியவரின் முறையை அருகிருந்து கண்டபோது, அது நமக்குப் பழகிய நெறியே என்பது புலனாயிற்று. சுவடியில் பொருள் பொருந்தாத பாடம் ஒன்று காணப்படின், பாடிய புலவர் பிழைத்தார் என நற்பதிப்பாசிரியர் உடனே தீர்ப்பதில்லை. ஏடெழுதியவர் கைப்பிழையோ, செல்லரித்ததோ என வழியை ஆராய்வர். பிற சுவடிகளோடு ஒப்புநோக்குவர். 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல சுவடிகளைத் தொகுத்து ஒப்பிட்டதும் இதன்பொருட்டே. காலையில் எல்லா உணரிகளையும் ஒப்புநோக்கியதும், ஒயரின் வழியெல்லாம் அளந்து சென்றதும் இதனின் வேறன்று.

ஆதலின் மாணவர்களுக்கு நாம் கூறவிழைவது இதுவே. வண்டி பழுதுற்றால் 'எதனை மாற்றவேண்டும்?' என வினவற்க. 'எதனை அளந்து பார்த்தீர்கள்?' என வினவுக. அளந்த எண்ணைக் காட்டும் பணியாளர்க்கு உரிய கூலியை முகமலர்ந்து ஈக. டேஷ்போர்டைக் கழற்றுமாறு கூறப்பட்ட நம் வண்டியில் இறுதியில் மாற்றப்பட்டவை இரு சிறு பித்தளை முனைகளே. அடுத்த வாரம் நம் தாயார் மருத்துவமனைக்குச் செல்லும் வழியெல்லாம் அயர்ந்து உறங்கினார். இடையில் விழித்து, குளிர்கிறது, சற்றே குறை என்றார். அக்குளிர் பொய்யன்று.